கணினி ஓடுகிறது, திரையில் படம் இல்லை: சேலம், ஏற்காடு வட்டாரப் பயனர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொத்தானை அழுத்தினால் மேசைக் கணினி இயங்கத் தொடங்குகிறது. மானிட்டரில் மட்டும் ஒன்றும் தெரிவதில்லை. "டிஸ்பிளே வரவில்லை" என்று கடைகளில் சொல்லப்படும் இந்தக் கோளாறு குறித்துச் சேலம் நகரத்திலும், சுற்றியுள்ள தறிக்கூடங்களிலும், சேர்வராயன் மலையின் எஸ்டேட் அலுவலகங்களிலும் கணினி வைத்திருப்போர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கப்பட்டுள்ளது. பெரும்பாலான சோதனைகளுக்கு ஒரு ஸ்குரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

கேபினட்டின் விசிறி சுற்றுகிறது, விளக்கும் எரிகிறது. அப்படியானால் கணினி நன்றாகத்தானே இருக்கிறது?

விசிறி சுற்றுவதை வைத்து அப்படி முடிவுகட்ட இயலாது. பொத்தானை அழுத்தியதும் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டி 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் ஆகிய மின்னழுத்தங்களைத் தரத் தொடங்குகிறது. அவை நிலைபெற்றதும், 100 முதல் 500 மில்லி நொடிக்குள், மின்சாரம் சரியாக இருக்கிறது என்னும் சைகையை மதர்போர்டுக்கு அனுப்புகிறது. அதன் பிறகே பிராசசர் விழித்து, மதர்போர்டில் பதிந்துள்ள தொடக்க மென்பொருளான பயாஸின் கட்டளைகளைப் படித்து, தற்காலிக நினைவகமான ரேமைக் கண்டறிந்து, கிராபிக்ஸ் பகுதியைத் தயார்செய்கிறது. திரையில் முதல் எழுத்து தோன்றுவது இத்தனையும் முடிந்த பின்னர்தான். விசிறிக்கோ 12 வோல்ட் கிடைத்தால் போதும். பிராசசரே இல்லாத மதர்போர்டிலும் பல சமயம் அது சுற்றும். ஆகவே இந்த வரிசையில் எந்தப் படியில் வேலை நின்றது என்று கண்டுபிடிப்பதே பழுதுபார்ப்பதில் முக்காற்பங்கு. அதைக் கண்டுபிடிக்காமல் புதிய பாகம் வாங்குவது வீண் செலவாகவே முடியும்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கேபினட்டைத் திறக்கும் முன் மானிட்டரைப் பார்க்க வேண்டும். மானிட்டருக்கு மின்சாரம் வந்து அதன் சிறு விளக்கு எரிகிறதா என்று கவனித்துவிட்டு, கணினியிலிருந்து வரும் கேபிளை உருவுங்கள். நல்ல நிலையிலுள்ள மானிட்டர் "நோ சிக்னல்" என்றோ, கேபிளைச் சரிபார்க்குமாறோ ஒரு வாசகத்தைக் காட்டும். அதுவும் வராமல், மெனு பொத்தானை அழுத்தியும் ஒன்றும் தெரியாவிட்டால் கோளாறு மானிட்டரிலோ அதன் அடாப்டரிலோதான் இருக்கிறது. இருட்டறையில் கைவிளக்கைத் திரைக்கு அருகே சாய்வாகப் பிடித்துப் பார்க்கும்போது மங்கலாகப் படம் தெரிந்தால், பின்னொளி போய்விட்டது என்று பொருள். அப்போது கணினியைக் குறை சொல்வதற்கில்லை.

வாசகம் வருகிறது, ஆனால் கேபிளைச் செருகியும் படம் வரவில்லை என்றால், மானிட்டரின் மெனுவில் எச்.டி.எம்.ஐ., வி.ஜி.ஏ., டிஸ்பிளே போர்ட் ஆகியவற்றுள் நீங்கள் கேபிள் செருகிய வாயில்தான் தேர்வாகியுள்ளதா என்று பாருங்கள். அடுத்து, கேபிளை மாற்றிப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. வாயிலிலிருந்து பழைய வி.ஜி.ஏ. மானிட்டருக்கு மாற்றித் தரும் சிறு கன்வெர்ட்டரைப் பயன்படுத்துவோர் முதலில் அதையே ஐயப்பட வேண்டும். டிஸ்பிளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குச் செல்லும் சாதாரணக் கேபிள் ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும் என்பதையும் கடையில் பலர் சொல்வதில்லை.

கேபினட்டின் பின்புறம் இரண்டு இடங்களில் எச்.டி.எம்.ஐ. வாயில் இருக்கிறது. எதில் செருகுவது?

தனிக் கிராபிக்ஸ் கார்டு இருந்தால், கீழ்ப்பகுதியில் கிடைமட்டமாக அமைந்துள்ள அந்தக் கார்டின் வாயிலில்தான் செருக வேண்டும். மேலே யு.எஸ்.பி. வாயில்களுக்கு அருகில் இருப்பது மதர்போர்டின் வாயில். பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் மட்டுமே அதில் படம் வரும். இன்டெல் பிராசசரின் மாடல் எண் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதில் உள்கிராபிக்ஸ் இல்லை. ஏ.எம்.டி.யின் ரைசன் 5000 வரிசை வரையிலான மேசைக் கணினிப் பிராசசர்களில் ஜி என்ற எழுத்து உடையவற்றில்தான் அது உண்டு. 7000 வரிசை முதல் பெரும்பாலானவற்றில் எளிய உள்கிராபிக்ஸ் இருக்கிறது. வீட்டைக் கூட்டும்போது கழற்றிய கேபிளைத் தவறான வாயிலில் மாட்டிவிட்டு, கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவோர் ஏராளம்.

பிராசசர் விழித்துவிட்டதா என்று வெளியிலிருந்தே அறிய முடியுமா?

ஓரளவு முடியும். கணினியை இயக்கி ஒரு நிமிடம் கழித்து, விசைப்பலகையில் நம் லாக் (Num Lock) அல்லது கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் பிராசசர், ரேம், மதர்போர்டு ஆகியவை வேலை செய்கின்றன. கோளாறு கிராபிக்ஸ், கேபிள், மானிட்டர் ஆகியவற்றின் பக்கம் இருக்கிறது. விளக்கில் மாற்றமே இல்லையென்றால் வேலை அதற்கு முந்தைய படியிலேயே நின்றுவிட்டது. இந்த ஒரு சோதனையே தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். அது உண்மையா? எப்படிச் செய்வது?

உண்மைதான். முந்தைய சோதனையில் விசைப்பலகை விளக்கு அசையாத கணினிகளில் முதலில் செய்ய வேண்டியதும் இதுவே. ரேமின் அடிவிளிம்பில் உள்ள மெல்லிய தொடுதகடுகளில் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் பயாஸ் அங்கேயே நின்றுவிடும்.

மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பொத்தானை 15 நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். மதர்போர்டில் ஏதேனும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது அணையும் வரை காத்திருங்கள். கேபினட்டின் பின்புறத் திருகுகளைக் கழற்றிப் பக்கத் தகட்டைப் பின்னோக்கி இழுத்து எடுத்த பின், பெயிண்ட் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். ரேம் ஸ்லாட்டின் முனையில் உள்ள தாழை வெளிப்புறம் தள்ளினால் ரேம் சற்றே மேலெழும். பிறகு இரு மூலைகளையும் பிடித்து நேராகத் தூக்க வேண்டும்.

தொடுதகடுகளை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல ரேமில் அவை மஞ்சள் பொன்னாகப் பளிச்சிடும். மங்கியோ, பழுப்புப் புள்ளிகள் விழுந்தோ, விரல் ரேகை படிந்தோ இருந்தால் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாக, நீளவாக்கில் அல்லாமல் மேலிருந்து விளிம்பை நோக்கி, இரு பக்கமும் தேய்க்க வேண்டும். பின்னர் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடைத்து, ரப்பர்த் துகள் ஒன்றும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்புத்தாளால் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது மெல்லிய பொன்பூச்சையே உரித்துவிடும். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதுவதும் கூடாது. தூசி போகும் இடத்தில் எச்சில் ஈரம் சேரும்.

மீண்டும் பொருத்தும்போது ரேமின் அடியில் உள்ள வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்த வேண்டும். இரு கட்டைவிரல்களாலும் இரு முனைகளையும் அழுத்தினால் தாழ் "டக்" என்று தானாகவே பூட்டிக்கொள்ளும். அந்த ஒலி கேட்கும் வரை அழுத்தத் தயங்குவதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம். இரண்டு ரேம்கள் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டி இயக்கிப் பாருங்கள். பிறகு மற்றதைப் பாருங்கள். அடுத்து ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில் ஒற்றை ரேமைப் பொருத்த வேண்டும்.

ஏற்காட்டில் உள்ள எங்கள் கணினியில் மட்டும் இந்தத் தொல்லை மழைக்காலத்துக்குப் பிறகு திரும்பத் திரும்ப வருகிறது. ஏன்?

ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஊரில் மூடுபனி சன்னல் வழியாகவே உள்ளே வரும். காற்றின் ஈரம் தூசியோடு சேர்ந்து தொடுதகடுகளின் மேல் படிகிறது. பூச்சு தேய்ந்த இடங்களில் உலோகம் மங்குகிறது. நாள்தோறும் ஓடும் கணினி தன் சூட்டிலேயே உலர்ந்துவிடும். சீசனுக்கு மட்டும் திறக்கும் விடுதி, அறுவடைக் கணக்குக்காக மட்டும் இயக்கப்படும் எஸ்டேட் அலுவலகம் போன்ற இடங்களில்தான் இந்தக் கோளாறு மிகுதி. வாரத்தில் இரண்டு முறையாவது அரைமணி நேரம் இயக்கி வைப்பதும், கேபினட்டை வெளிச்சுவரை ஒட்டித் தரையில் வைக்காமல் மேசைமேல் வைப்பதும் நல்ல பலன் தரும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது தூசியைத் தடுத்தாலும் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். பருத்தித் துணியே மேல்.

மலையிலிருந்து சேலத்துக்குக் கணினியைக் கொண்டுவந்தோம். அங்கே ஓடியது இங்கே ஓடவில்லை.

ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கேபினட் ஒவ்வொரு பக்கமாகச் சாய்ந்து குலுங்குகிறது. எடைமிகுந்த கிராபிக்ஸ் கார்டும் பிராசசர் மேலுள்ள கூலரும் நிமிர்ந்து நிற்கும் கேபினட்டில் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருப்பவை. ஆகவே முதலில் நெகிழ்வது கார்டின் பிடிப்புதான். கார்டைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்தி, ரேமையும் எல்லா இணைப்புகளையும் ஒருமுறை அழுத்திவிட்டால் பெரும்பாலும் சரியாகும். அடுத்த முறை கொண்டுசெல்லும்போது கார்டைக் கழற்றித் தனியே பொதிந்துகொள்ளுங்கள். மதர்போர்டு அடிப்பக்கமாகப் படுத்திருக்கும்படி கேபினட்டைக் கிடத்தி வையுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. குளிர்ந்திருந்த கணினி, புழுக்கமான சேலத்துக் காற்றில் வந்ததும் உள்ளே நீர்த்துளி அரும்பக்கூடும். இறக்கிய உடனே இயக்காமல், பக்கத் தகட்டைத் திறந்து வைத்து ஓரிரு மணி நேரம் விடுவது நல்லது.

இளம்பிள்ளையில் தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் கணினி இருக்கிறது. பஞ்சுத்தூசி இதற்குக் காரணமாகுமா?

பஞ்சுத்தூசி நேரடியாகச் செய்யும் கேடு சூடுதான்: கூலரின் இதழ்களுக்கிடையே பஞ்சு மெத்தைபோல அடைத்துக்கொள்ளும்போது பிராசசர் கொதித்து, கணினி ஓடும்போதே அணையும். தொடக்கத்திலிருந்தே படம் வராமைக்கு அது காரணமாவது குறைவு. ஆனால் சுத்தம் செய்யும்போது ரேமோ கம்பியோ நெகிழ்ந்து படம் வராமல் போவது அடிக்கடி நிகழ்கிறது. கணினியை வெளியே கொண்டுவந்து, விசிறியின் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊத வேண்டும். பிடிக்காவிட்டால் விசிறி கட்டுமீறிச் சுழன்று பேரிங் கெடும். சேகோ ஆலைகளில் படியும் கிழங்கு மாவு பஞ்சைவிட மோசமானது, ஏனெனில் அது ஈரம் பட்டால் பசையாகிவிடும். அங்கெல்லாம் உலர்ந்த தூரிகையால் துலக்கிய பிறகே ஊத வேண்டும்.

தறிக்கூடங்களில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். மோட்டார்கள் ஒரே நேரத்தில் தொடங்கும்போது மின்னழுத்தம் சட்டென்று சரியும். அதே லைனில் உள்ள கணினியின் எஸ்.எம்.பி.எஸ். பழையதாக இருந்தால் அந்தச் சரிவைத் தாங்காமல் பாதியில் நிற்கும். கணினிக்குத் தனி லைனும், நல்ல எர்த் இணைப்பும், ஒரு யு.பி.எஸ்.ஸும் அவசியம்.

மதர்போர்டில் ஒரு சிறு விளக்கு எரிந்தபடியே நிற்கிறது. பீப் ஒலியும் கேட்கிறது. இவற்றின் பொருள் என்ன?

புதிய மதர்போர்டுகள் பலவற்றில் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் இருக்கும். அவற்றின் அருகே சி.பி.யு., டிராம் (ரேம்), வி.ஜி.ஏ. (கிராபிக்ஸ்), பூட் என்று அச்சிட்டிருப்பார்கள். தொடங்கும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எதில் நின்றுவிடுகிறதோ அந்தப் பகுதியில் கோளாறு. இங்கே சி.பி.யு. என்பது மேசைக்கு அடியில் இருக்கும் முழுப் பெட்டியைக் குறிக்காது. பிராசசரை மட்டுமே குறிக்கும். பூட் விளக்கில் நின்றால் ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. பக்கம் சிக்கல், அந்நிலையில் பொதுவாகப் படம் வந்தே தீரும்.

பீப் ஒலியின் கணக்கு பயாஸ் தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும். பழைய அவார்டு பயாஸில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் கிராபிக்ஸ் கோளாறைக் குறிக்கும். நீண்ட ஒலி திரும்பத் திரும்ப வந்தால் ரேமைப் பார்க்க வேண்டும். மற்றவற்றுக்கு மதர்போர்டின் கையேட்டைப் பார்ப்பதே சரி. ஒலியே வராததால் கோளாறு இல்லை என்றும் ஆகாது. இப்போதைய கேபினட்டுகளில் ஸ்பீக்கரே இருப்பதில்லை. மதர்போர்டில் செருகும் சிறு பஸ்ஸர் ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் என்ன ஆகும்?

மதர்போர்டில் உள்ள நாணய வடிவப் பேட்டரி சி.ஆர். 2032 வகையைச் சேர்ந்தது. 3 வோல்ட் தரும். மின்கம்பியை உருவிவிட்டு அதைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தாலோ, மதர்போர்டில் உள்ள சி.எம்.ஓ.எஸ். ஜம்பர் என்னும் சிறு முள்களைக் கையேட்டின்படி இணைத்தாலோ பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும். ரேமின் வேகத்தை உயர்த்திய பிறகு படம் நின்றுபோனவர்களுக்கு இதுவே மருந்து. பேட்டரி தீர்ந்துபோனதால் மட்டுமே படம் வராமல் போவது அரிது. தேதியும் நேரமும் தவறாகக் காட்டுவதே அதன் வழக்கமான அறிகுறி. விண்டோஸில் டிஸ்கின் தகவல்களைப் பூட்டும் பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்தால், இதைச் செய்யும் முன் மீட்புச் சாவி எண் கைவசம் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்; அமைப்புகள் மாறியதும் அது கேட்கப்படலாம்.

புதிதாக அசெம்பிள் செய்த கணினி. எல்லாம் புதிது. ஏன் படம் வரவில்லை?

பிராசசருக்கென்று தனியே வரும் 4 முள் அல்லது 8 முள் மின்னிணைப்பு மாட்டப்பட்டுள்ளதா என்று முதலில் பாருங்கள். மதர்போர்டின் மேல் இடது மூலையில், கூலருக்குப் பின்னால் மறைந்திருக்கும் அதை மறந்துவிடுவது இயல்பு. 24 முள் இணைப்பு மட்டும் இருந்தால் விசிறிகள் அழகாகச் சுற்றும், வேறெதுவும் நடக்காது. கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி மின்னிணைப்பு தேவையா என்பதையும் பாருங்கள்.

டி.டி.ஆர். 5 ரேம் உள்ள கணினிகள் முதன்முறை இயங்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையிழந்து அணைத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். மதர்போர்டைவிடப் பிராசசர் புதியதாக இருந்தால் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். பிராசசரை எடுத்துப் பார்க்கும் நிலை வந்தால், சாக்கெட்டில் ஒரு முள்ளாவது வளைந்திருக்கிறதா என்று கைப்பேசிக் கேமராவால் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு அது தப்பிவிடும்.

மின்வெட்டுக்குப் பிறகு, அல்லது இடிமழைக்குப் பிறகு இப்படியானால்?

சித்திரை, வைகாசி மாதக் கோடைமழையில் இடி விழும் நாள்களில் இது மிகுதி. மின்கம்பி வழியாக மட்டுமன்றி, பிராட்பேண்ட் மோடத்திலிருந்து வரும் லேன் கேபிள் வழியாகவும் மின்னதிர்ச்சி மதர்போர்டை அடையும். யு.பி.எஸ். இருக்கிறதே என்று லேன் கேபிளைப் பிடுங்காமல் விடுபவர்களே இதில் அதிகம் இழக்கிறார்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மல்டிமீட்டரால் சோதிக்கலாம்: 12 வோல்ட் தடத்தில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் தடத்தில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்க வேண்டும். கணினி ஓடும்போதே அளக்க வேண்டும்; பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்து வெறுமனே ஓடவிட்டு அளப்பது, சுமை ஏறும்போது எஸ்.எம்.பி.எஸ். எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டாது. நிச்சயமான வழி, நன்றாக ஓடும் மற்றொன்றை மாற்றிப் பார்ப்பதே. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே 300 வோல்ட்டுக்கும் மேலாகக் கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும், கம்பியை உருவிய பின்னும் சற்று நேரம் அது கொல்லும். பழைய மாடல்களில் பின்புறம் 115, 230 என்று ஒரு சிவப்பு மாற்றி இருந்தால் அது 230இலேயே இருக்க வேண்டும்.

கம்பெனிச் சின்னம் வருகிறது, விண்டோஸ் வரும்போது திரை கறுத்துவிடுகிறது.

அப்படியானால் கருவிகளில் பெரும்பாலானவை நன்றாக இருக்கின்றன. கிராபிக்ஸ் டிரைவரையோ திரை அமைப்பையோதான் பார்க்க வேண்டும். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மீளத் தொடங்கும். பலன் இல்லையென்றால், விண்டோஸ் ஏறும் வேளையில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுநீக்கத் திரை தோன்றும். அங்கிருந்து சேஃப் மோடுக்குச் சென்று டிரைவரை நீக்கலாம்.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று. "மதர்போர்டு போய்விட்டது" என்று கடையில் சொல்கிறார்கள். நம்பலாமா?

எப்படிக் கண்டறிந்தீர்கள் என்று கேளுங்கள். மதர்போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், நன்றாக ஓடும் எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றோடு மட்டும் இயக்கிப் பார்த்தார்களா? பிராசசரையும் ரேமையும் வேறொரு மதர்போர்டில் பொருத்தி அவை நன்றாக இருப்பதை உறுதிசெய்தார்களா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் நம்பலாம். மதர்போர்டைத் தனியே எடுக்கும்போது படம் வந்துவிட்டால், கேபினட்டின் உலோகம் எங்கோ அதன் அடிப்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. பிடிப்புக்கான பித்தளைத் தாங்கிகளில் ஒன்று தவறான இடத்தில் இருப்பதே அதற்கு வழக்கமான காரணம். கெப்பாசிட்டர்களின் தலை உப்பியோ கசிந்தோ இருந்தால் உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பழைய மதர்போர்டை மாற்ற நேர்ந்தால், அதற்கேற்ற ரேமும் பிராசசரும் இன்னும் கிடைக்கின்றனவா என்று விசாரித்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள், டி.டி.ஆர். 3 காலத்துக் கணினிக்கு மூன்றையும் சேர்த்துப் புதிதாக வாங்குவது சில சமயம் அறிவுள்ள செலவு. கடையில் ஒப்படைக்கும் முன் ஹார்டு டிஸ்கையோ எஸ்.எஸ்.டி.யையோ கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். படம் வருகிறதா என்று சோதிக்க அது தேவையே இல்லை. ரேம், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் வரிசை எண்களைப் படமெடுத்துக்கொண்டு, ரசீதிலும் அவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள்.